அமெரிக்காவின் போட்டி மிகுந்த கல்லூரிகளுக்கு உயர்நிலைப் பள்ளியிலிருந்தே ஆயத்தமாவது எப்படி?

தமிழ்நாட்டில் கலந்தாய்வு வழியாகப் பொறியியல் படித்துவிட்டு அமெரிக்காவில் குடியேறிய பெற்றோருக்குக் கட்-ஆஃப் மதிப்பெண் நன்கு பழக்கமானது. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் சேர்த்து 100 என்று கூட்டி வரும் அந்த ஒரே எண்ணை வைத்து, எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு கிடைக்கும் என்று ஏறக்குறையச் சொல்லிவிடலாம். ஹார்வர்ட், எம்ஐடி, ஸ்டான்ஃபோர்டு போன்ற இடங்களுக்கு அப்படியோர் எண் கிடையாது. விண்ணப்பிப்பவர்களில் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவாகவே அங்கே இடம் கிடைக்கிறது. முழு மதிப்பெண் பெற்ற பலரும் இடமின்றித் திரும்புகிறார்கள். விண்ணப்பத்தை எழுதுவது பன்னிரண்டாம் வகுப்பின் தொடக்கத்தில்தான் என்றாலும், அதில் எழுதுவதற்கான விஷயங்கள் ஒன்பதாம் வகுப்பிலிருந்தே சேர்கின்றன. ஆகவே ஆயத்தம் என்பது அந்த நான்கு ஆண்டுகளை எப்படிச் செலவிடுகிறீர்கள் என்பதுதான். கடைசி நான்கு மாதங்களில் அதை ஈடுகட்ட முடியாது.

எல்லாவற்றுக்கும் அடிப்படை, பள்ளியில் நீங்கள் எடுக்கும் பாடங்களும் அவற்றில் பெறும் கிரேடுகளும். கிரேடுகளின் சராசரியான ஜிபிஏவை மட்டும் பார்த்துக் கல்லூரிகள் முடிவு செய்வதில்லை. உங்கள் பள்ளியில் என்னென்ன பாடங்கள் இருந்தன, அவற்றுள் எவ்வளவு கடினமானவற்றை எடுத்துக்கொண்டீர்கள் என்பதையும் சேர்த்தே எடைபோடுகின்றன. விண்ணப்பத்தோடு பள்ளியைப் பற்றிய குறிப்பு ஒன்றையும் கவுன்சிலர் (மாணவர்களுக்கு வழிகாட்டும் பள்ளி ஆலோசகர்) அனுப்பிவைப்பதால், ஏபி எனப்படும் கல்லூரித் தரப் பாடங்கள் ஐந்து மட்டுமே உள்ள பள்ளியில் படித்தவரை இருபத்தைந்து பாடங்கள் உள்ள பள்ளி மாணவரோடு நேரடியாக ஒப்பிட மாட்டார்கள். ஏபி பாடங்களின் எண்ணிக்கையில் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு போட்டியிடுவது வீண். தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு ஏழு ஏபி எடுத்து மூன்றில் சறுக்குவதைவிட, நான்கை எடுத்து அவற்றில் ஆழமாகப் படிப்பது மேல் என்பதே என் கருத்து.

கணிதத்தில் மட்டும் சற்று முன்கூட்டியே திட்டமிட வேண்டும். எட்டாம் வகுப்பில் அல்ஜிப்ரா 1 முடித்தவர், ஜியாமெட்ரி, அல்ஜிப்ரா 2, பிரீகால்குலஸ் என்று வரிசையாகப் படித்துப் பன்னிரண்டாம் வகுப்பில் கால்குலஸுக்கு வந்து சேர்வார். ஒன்பதாம் வகுப்பில்தான் அல்ஜிப்ரா 1 தொடங்குகிறவர் பிரீகால்குலஸோடு நின்றுவிடுவார். பொறியியலோ இயற்பியலோ படிக்க விரும்புகிறவருக்கு இது ஒரு குறைதான். கோடை விடுமுறையில் ஒரு பாடத்தை முடிப்பது, உள்ளூர் கம்யூனிட்டி கல்லூரியில் ஒரு வகுப்பில் சேர்வது போன்ற வழிகள் இதற்கு உண்டு. எந்த வழியைப் பள்ளி ஏற்கும் என்பதை ஒன்பதாம் வகுப்பிலேயே கவுன்சிலரிடம் கேட்டுவிடுங்கள். பதினொன்றாம் வகுப்பில் கேட்டால் காலம் கடந்திருக்கும்.

கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் விதிகள் தனி ரகம். குறிப்பிட்ட துறைகளில், ஓராண்டு படிக்கும் பாடங்கள் பதினைந்தை முடித்திருக்க வேண்டும். ஜிபிஏ கணக்கில் பத்தாம், பதினொன்றாம் வகுப்புக் கிரேடுகளையே சேர்க்கிறார்கள். ஒன்பதாம் வகுப்பில் தடுமாறிய மாணவருக்கு இது ஆறுதலான செய்தி என்றாலும், அந்தக் கிரேடுகளையும் அவர்கள் பார்க்கத்தான் செய்கிறார்கள்.

தேர்வுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2022இல் எம்ஐடி, கல்லூரிச் சேர்க்கைக்கான பொதுத் தேர்வுகளான எஸ்ஏடி அல்லது ஏசிடியின் மதிப்பெண்ணை மீண்டும் கட்டாயமாக்கியது. 2024இல் டார்ட்மத், பிரவுன், ஹார்வர்ட், கால்டெக் ஆகியவையும் அவ்வாறே அறிவித்தன. கலிபோர்னியப் பல்கலைக்கழகமோ சேர்க்கை முடிவில் அந்த மதிப்பெண்ணைப் பார்ப்பதே இல்லை. ஆகவே உங்கள் பட்டியலில் உள்ள ஒவ்வொரு கல்லூரியின் விதியையும் அந்தந்த ஆண்டில் அதன் சொந்த இணையதளத்திலேயே பாருங்கள். பயிற்சிக்குப் பெரும் பணம் தேவையில்லை. கான் அகாடமியின் பாடங்களும், எஸ்ஏடியை நடத்தும் காலேஜ் போர்டின் புளூபுக் செயலியில் உள்ள மாதிரித் தேர்வுகளும் இலவசம். பதினொன்றாம் வகுப்பு முடிவதற்குள் இரண்டு முறை எழுதி முடித்துவிட்டால், அடுத்த கோடையைக் கட்டுரைகளுக்கு ஒதுக்கலாம்.

பெற்றோர் பெரிதும் குழம்புவது, வகுப்பறைக்கு வெளியே பிள்ளை என்ன செய்ய வேண்டும் என்பதில்தான். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகள் ஏற்கும் காமன் ஆப் விண்ணப்பத்தில் பத்துச் செயல்பாடுகள் வரை எழுத இடம் உண்டு. பத்து இடங்களையும் நிரப்பியாக வேண்டுமென்று பரதநாட்டியம், வயலின், டிபேட், ரோபாட்டிக்ஸ், தன்னார்வத் தொண்டு என்று வாரம் முழுவதும் காரில் அலையும் குடும்பங்கள் பல உண்டு. எதிலும் ஊன்றி நிற்க நேரமில்லாத பிள்ளையிடம் சொல்லிக்கொள்ளப் பத்துப் பெயர்கள் இருக்கும். செய்து முடித்த ஒன்று இருக்காது.

ஒரு மாணவியைக் கற்பனை செய்துகொள்வோம். அவருடைய தந்தை வார இறுதியில் உள்ளூர் கிரிக்கெட் லீக்கில் விளையாடுகிறார். மகள் ஒன்பதாம் வகுப்பில் பொழுதுபோக்காக ஸ்கோர் எழுதத் தொடங்குகிறாள். ஒரு நாள் மழையால் ஓவர்கள் குறைகின்றன. வெற்றி இலக்கை எப்படி மாற்றுவது என்பதில் இரு அணிகளுக்கும் சண்டை வருகிறது. சர்வதேசப் போட்டிகளில் பின்பற்றப்படும் டக்வொர்த்-லூயிஸ்-ஸ்டெர்ன் முறையைப் பற்றிப் படிக்கிறாள். அதன் அடிப்படையைப் புரிந்துகொள்ளப் புள்ளியியல் பாடம் எடுக்கிறாள். பதினொன்றாம் வகுப்பில் தங்கள் லீக்கின் பழைய ஸ்கோர்களைக் கொண்டு, இருபது ஓவர் ஆட்டத்துக்கேற்ற எளிய நிரல் ஒன்றை எழுதி, மழை நாட்களில் லீக் அதையே பயன்படுத்தும்படி செய்கிறாள். இதற்குப் பதக்கமோ சான்றிதழோ இல்லை. ஆனால் ஆர்வம், பாடத்தேர்வு, விடாமுயற்சி, பிறருக்குப் பயன் எல்லாம் ஒரே நூலில் கோத்து நிற்கின்றன.

இதை விண்ணப்பத்தில் எழுதும் விதமும் முக்கியம். ஒரு செயல்பாட்டை விவரிக்க, இடைவெளிகளையும் சேர்த்து 150 எழுத்துகள்தான் தரப்படுகின்றன. ‘கிரிக்கெட் லீக்கில் தன்னார்வலராகப் பணியாற்றி, தலைமைப் பண்பையும் குழுவாகச் செயல்படுவதையும் கற்றுக்கொண்டேன்’ என்ற பொருளில் எழுதினால், படிப்பவருக்கு எதுவுமே தெரியாது. ‘பந்துக்குப் பந்து ஸ்கோர் பதிவு, மழை பெய்த ஆட்டங்களில் இலக்கைக் கணக்கிட நிரல் எழுதினேன், லீக் இப்போது அதையே பின்பற்றுகிறது’ என்று எழுதினால், என்ன செய்தார் என்பது கண்முன் நிற்கும். ஒன்பதாம் வகுப்பிலிருந்தே ஒரு நோட்டில் தேதியோடு குறிப்பு எழுதிவருபவருக்கு இந்த வரிகள் தாமாகவே வந்துவிடும். உடன்பிறந்தவரைப் பார்த்துக்கொள்வது, பகுதிநேர வேலை, தாத்தா பாட்டிக்குத் துணையாக இருப்பது ஆகியவையும் செயல்பாடுகளே. நம் வீடுகளில் இவற்றைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை, கல்லூரிகள் எடுத்துக்கொள்கின்றன.

முதன்மைக் கட்டுரைக்கு உச்ச வரம்பு 650 சொற்கள். விடுமுறையில் இந்தியா சென்று வறுமையைக் கண்டு மனம் மாறிய கதையைச் சேர்க்கை அலுவலர்கள் எத்தனையோ முறை படித்திருப்பார்கள். நமது மாணவி தன் கட்டுரையில் மழை நாளன்று நடந்த சண்டையையும், தன் முதல் கணக்கு ஏன் ஓர் அணிக்கு அநியாயமாக அமைந்தது என்பதையும் எழுதினால், சிந்திக்கும் ஒரு மனிதர் அதில் தென்படுவார். பெற்றோர் பிழை திருத்தலாம்; வாக்கியத்தை மாற்றி எழுதக் கூடாது. பதினேழு வயதுப் பிள்ளையின் குரலையும் நாற்பத்தெட்டு வயதுக்காரரின் குரலையும் படிப்பவர் எளிதில் பிரித்தறிந்துவிடுவார். கலிபோர்னியப் பல்கலைக்கழகம் இந்தக் கட்டுரையைக் கேட்பதில்லை. எட்டுக் கேள்விகளில் நான்கைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் 350 சொற்களுக்குள் நேரடியாகப் பதில் எழுத வேண்டும்.

பரிந்துரைக் கடிதத்துக்குப் பதினொன்றாம் வகுப்பு ஆசிரியர்களே பொருத்தமானவர்கள். எம்ஐடி, கணிதம் அல்லது அறிவியல் ஆசிரியர் ஒருவரிடமிருந்தும், மொழி, வரலாறு போன்ற பாடங்களின் ஆசிரியர் ஒருவரிடமிருந்தும் கடிதம் கேட்கிறது. முழு மதிப்பெண் பெற்ற வகுப்பின் ஆசிரியரைவிட, நீங்கள் தடுமாறி, கேள்வி கேட்டு, மெல்ல முன்னேறியதைப் பார்த்த ஆசிரியரால் நல்ல கடிதம் எழுத முடியும். கோடை விடுமுறை தொடங்கும் முன்பே நேரில் சென்று கேளுங்கள்.

பணத்தைப் பற்றிப் பத்தாம் வகுப்பிலேயே வீட்டில் வெளிப்படையாகப் பேசிவிடுவது நல்லது. ஒவ்வொரு கல்லூரியும் தன் இணையதளத்தில் நிகரச் செலவுக் கணிப்பான் ஒன்றை வைத்திருக்க வேண்டும் என்பது கூட்டாட்சிச் சட்டம். குடும்ப வருமானத்தையும் சொத்தையும் அதில் பதிந்தால், உதவி போகக் கையிலிருந்து எவ்வளவு செலுத்த வேண்டும் என்ற மதிப்பீடு கிடைக்கும். ஆண்டு வருமானம் 2,00,000 டாலருக்குக் குறைவாக உள்ள பெரும்பாலான குடும்பங்களின் பிள்ளைகளிடம் எம்ஐடி 2025 முதல் கல்விக் கட்டணம் வசூலிப்பதில்லை. இதைச் சொல்லக் காரணம், விலைப்பட்டியலைப் பார்த்தே விண்ணப்பிக்காமல் விட்டுவிடக் கூடாது என்பதுதான்.

எச்-1பி விசாவில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். எச்-1பி ஊழியரின் குடும்பத்தினருக்கான எச்-4 விசாவில் உள்ள பிள்ளை, இங்கேயே பள்ளி முழுவதும் படித்திருந்தாலும், கூட்டாட்சி அரசின் கல்வி நிதியுதவிக்குத் தகுதி பெறாது. உதவி விஷயத்தில் அவரைச் சர்வதேச மாணவராகக் கருதும் கல்லூரிகளும் உண்டு. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹர்ஸ்ட் போன்ற சில மட்டுமே சர்வதேச மாணவர்களின் பண வசதியைப் பாராமல் தேர்ந்தெடுத்து, முழுத் தேவையையும் ஈடுசெய்கின்றன. 21 வயதானதும் எச்-4 தகுதி முடிந்துவிடும் என்பதால், கல்லூரிக் காலத்தின் நடுவே விசா மாற்ற வேண்டிவரலாம். மாநிலக் கல்லூரியில் உள்ளூர்க் கட்டணம் பொருந்துமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். சேர்க்கை அலுவலகத்திடம் எழுத்து வழியாகவே கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

கல்லூரிப் பட்டியலைத் தயாரிக்கும்போது தரவரிசை இதழ்களைவிட, பெரும்பாலான கல்லூரிகள் ஆண்டுதோறும் வெளியிடும் காமன் டேட்டா செட் என்ற ஆவணம் பயன்படும். அதன் சி7 பகுதியில் கிரேடு, கட்டுரை, பரிந்துரை, நேர்காணல் என ஒவ்வொன்றும் அந்தக் கல்லூரிக்கு எவ்வளவு முக்கியம் என்று அட்டவணையாகத் தந்திருப்பார்கள். இடம் கிடைப்பது ஏறக்குறைய உறுதி, கட்டணமும் கட்டுப்படியாகும், பிள்ளைக்கும் மனதுக்குப் பிடித்திருக்கிறது என்று சொல்லத்தக்க இரண்டு கல்லூரிகளை முதலில் கண்டுபிடித்துவிட்டு, அதன் பிறகே போட்டி மிகுந்தவற்றைப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காமன் ஆப் ஆகஸ்ட் 1 அன்று திறக்கும். முன்கூட்டிய விண்ணப்பங்களுக்குப் பெரும்பாலும் நவம்பர் 1, கலிபோர்னியாவுக்கு நவம்பர் இறுதி, மற்றவற்றுக்கு ஜனவரித் தொடக்கம் என்று கெடு வரும். எர்லி டிசிஷன் முறையில் விண்ணப்பித்தால், இடம் கிடைத்ததும் சேர்ந்தே ஆக வேண்டும். நிதியுதவி போதாது என்றால் மட்டுமே விலகலாம். வேறு கல்லூரிகளின் உதவித்தொகையை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய நிலையில் உள்ள குடும்பம் அதைத் தவிர்ப்பது நல்லது.

மார்ச் இறுதியில் முடிவுகள் வந்த பிறகு, வழக்கமாக மே 1க்குள் ஒரு கல்லூரியை உறுதி செய்ய வேண்டும். அதன் பிறகும் பன்னிரண்டாம் வகுப்பின் இறுதிக் கிரேடுகள் அந்தக் கல்லூரிக்கு அனுப்பப்படும். அவை கடுமையாகச் சரிந்திருந்தால் கொடுத்த இடத்தைத் திரும்பப் பெறும் உரிமை கல்லூரிக்கு உண்டு. நோயாலோ குடும்பச் சிக்கலாலோ கிரேடு குறைந்திருந்தால், அவர்கள் கேட்கும்வரை காத்திராமல், கவுன்சிலரிடம் பேசி, காரணத்தை விளக்கி நீங்களே முதலில் சேர்க்கை அலுவலகத்துக்கு எழுதிவிடுங்கள்.