கனடாப் பொருளை லேபிளில் கண்டுபிடிப்பது எப்படி

2025 மார்ச் 4 அன்று கனடாப் பொருள்களுக்கு அமெரிக்காவின் 25 வீத வரி (எரிசக்திக்கு 10 வீதம்) நடைமுறைக்கு வந்தது. ஆனால் சனங்கள் அதுவரை காத்திருக்கவில்லை. பெப்ரவரி 1 அன்று வரி உத்தரவு கையெழுத்தான அன்றிரவே ஒட்டாவா ஹொக்கி அரங்கில் அமெரிக்கத் தேசிய கீதத்துக்குக் கூச்சல் எழுந்தது. வரி வந்த அன்றே ஒன்ராரியோ அரசின் எல்சிபிஓ மதுக்கடைகள் அமெரிக்க மதுவைத் தட்டுகளிலிருந்து இறக்கிவிட்டன. அந்த மார்ச்சில் அமெரிக்காவுக்குக் காரில் போய்த் திரும்பிய கனடியர்களின் பயணங்கள் முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ 32 வீதம் குறைந்தன.

இந்தக் கோபம் நியாயமானது. ஆனால் கடையில் பலர் தட்டின் விளிம்பில் ஒட்டியிருக்கும் மேப்பிள் இலைச் சின்னத்தைப் பார்த்துப் பொருளை எடுத்துவிடுகிறார்கள். அந்தச் சின்னத்தை ஒட்டுவது கடைக்காரர். விலைச்சீட்டு இடம் மாறினாலோ, புதிய சரக்கு வேறு நாட்டிலிருந்து வந்தாலோ இலை அப்படியே இருக்கும், பொருள் மாறியிருக்கும். ஆகவே பொதியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள்.

உணவுப் பொருளில் முதலில் தேட வேண்டியது இரண்டு வாசகங்கள். "புரொடக்ட் ஒஃப் கனடா" என்றிருந்தால் முக்கிய மூலப்பொருள்கள், பதப்படுத்தல், உழைப்பு எல்லாமே அநேகமாகக் கனடாவுடையவை. வாசனைப் பொருள்கள், விற்றமின்கள், கரும்புச் சீனி போன்ற வெளிநாட்டுச் சேர்மானங்கள் மிகச் சிறிய அளவில், பொதுவாக 2 வீதத்துக்குக் கீழே, இருக்கலாம். "மேட் இன் கனடா" அவ்வளவு கடுமையானதல்ல. பொருளின் தன்மையே மாறும் கடைசிக் கட்ட வேலை இங்கே நடந்திருந்தால் போதும். அதோடு "உள்நாட்டு, இறக்குமதி மூலப்பொருள்களிலிருந்து" என்றோ "இறக்குமதி மூலப்பொருள்களிலிருந்து" என்றோ ஒரு விளக்கமும் சேர்ந்து வரவேண்டும். வெளியிலிருந்து வந்த மாவையும் சீஸையும் சோஸையும் சேர்த்து இங்கே பீட்சாவாக்கினால் அது மேட் இன் கனடா. வெளிநாட்டில் தயாரான பொருளை இங்கே பையில் மட்டும் அடைத்தால் அப்படி எழுத முடியாது.

இங்கேதான் அதிகம் குழப்பம். "மேட் இன் கனடா என்றால் 51 வீதம்" என்று பலரும் சொல்வார்கள். அந்தக் கணக்கு உணவுக்குரியதல்ல. சவர்க்காரம், பாத்திரம், உடுப்பு, தளபாடம் போன்றவற்றுக்கு உரியது. அவற்றில் நேரடி உற்பத்திச் செலவில் குறைந்தது 51 வீதம் கனடாவில் ஏற்பட்டு, கடைசி மாற்றமும் இங்கே நடந்திருந்தால் மேட் இன் கனடா. 98 வீதமாக இருந்தால் புரொடக்ட் ஒஃப் கனடா.

ஸ்ட்ரோபெரி ஜாம் ஒரு நல்ல உதாரணம். பழம் முழுவதும் ஒன்ராரியோத் தோட்டத்தில் விளைந்திருக்கலாம், போத்தலில் அடைத்ததும் இங்கேயாக இருக்கலாம். ஆனால் சீனி வெளிநாட்டுக் கரும்பிலிருந்து வந்தது என்றால் அதன் அளவு 2 வீதத்தை எளிதில் தாண்டிவிடும். அந்த ஜாமில் புரொடக்ட் ஒஃப் கனடா என்று போட முடியாது. "உள்நாட்டு, இறக்குமதி மூலப்பொருள்களிலிருந்து" என்ற நீண்ட வாசகத்தைக் கண்டதும் திருப்பி வைத்துவிடாதீர்கள். மூலப்பொருள் பட்டியலைப் படியுங்கள். அதிக எடையுள்ளதே முதலில் வரும். எந்தச் சேர்மானம் வெளியிலிருந்து வந்திருக்கும் என்பதை அதிலிருந்தே ஊகிக்கலாம்.

இரண்டு வாசகங்களும் இல்லாவிட்டால் நிறுவன முகவரிக்குப் போங்கள். மிஸிசாகா முகவரி இருப்பதால் பொருள் மிஸிசாகாவில் செய்யப்பட்டது என்று ஆகாது. முகவரிக்கு முன்னால் "இம்போர்ட்டட் பை" அல்லது "இம்போர்ட்டட் ஃபோர்" என்றிருந்தால் அது இறக்குமதியாளரின் முகவரிதான். "பக்கேஜ்ட் இன் கனடா" என்றால் பையில் போட்டது மட்டும் இங்கே. "ரோஸ்டட் இன் கனடா" என்று கோப்பியில் இருந்தால் கொட்டை வெளிநாடு, வறுத்தது இங்கே. கோப்பியைப் பொறுத்தவரை அதற்குமேல் எதிர்பார்க்க முடியாது, அது நல்ல தெரிவே. பாலிலும் சீஸிலும் கனடியப் பால் பண்ணையாளர்களின் நீலப் பசுச் சின்னம் இருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்தால் பால் முழுக்கக் கனடாவுடையது.

நம் சமையலறையில் ஏற்கெனவே இருப்பதைக் கவனியுங்கள். மைசூர்ப் பருப்பும் கடலையும் கடுகும் சஸ்கச்சுவான் மாகாணத்தில் பெருமளவில் விளைகின்றன. கடுகு ஏற்றுமதியில் கனடா உலகில் முன்னணியில் நிற்கிறது. பொதியில் பழக்கமான ஊர்ப் பெயரும் படமும் இருப்பதால் பருப்பு அங்கிருந்துதான் வந்தது என்று நினைத்துவிடுவோம். பின்பக்கத்தில் எந்த நாடு என்று எழுதியிருக்கிறது என்பதைப் பாருங்கள், கனடா என்றே இருக்கலாம். இந்தியாவிலோ துருக்கியிலோ விளைந்த பருப்பாக இருந்தாலும் அது அமெரிக்கப் பொருள் அல்லவே. அமெரிக்கப் பொருளைத் தவிர்ப்பதும் கனடாப் பொருளைத் தேடுவதும் வேறு வேறு வேலைகள். மார்கழி முதல் சித்திரை வரை கீரை, சலாட் இலை போன்றவற்றில் இரண்டையும் ஒருசேரச் செய்வது கடினம்.

மரக்கறியிலும் பழத்திலும் சின்ன ஸ்டிக்கரில் நாட்டின் பெயர் இருக்கும். ஒன்ராரியோவின் லெமிங்டன் ஊர்ப் பச்சைவீட்டுத் தக்காளி, வெள்ளரி, குடைமிளகாய் விற்கும் நிறுவனங்கள் சில, குளிர்காலத்தில் அதே பெயரில் மெக்சிகோச் சரக்கைக் கொண்டுவருகின்றன. போன மாதம் கனடா என்றிருந்த பெட்டியில் இந்த மாதம் மெக்சிகோ என்றிருக்கும். ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

பார்கோடை நம்பவே வேண்டாம். தொடக்க எண்ணை வைத்து நாட்டைச் சொல்லும் படங்கள் வட்ஸப்பில் சுற்றுகின்றன. அந்த எண் அந்தக் கோடு எந்த நாட்டு அமைப்பில் பதிவானது என்பதையே காட்டும், பொருள் எங்கே செய்யப்பட்டது என்பதையல்ல. கனடாவின் 754, 755 என்ற எண்களைத் தேடினால் உண்மையான கனடாப் பொருள்கள் பலவற்றையும் தவறவிடுவீர்கள்.

அடுத்தது உரிமை. இதில் முடிவு உங்களுடையது. 2014இல் ஹைன்ஸ் லெமிங்டன் தக்காளிச் சோஸ் ஆலையை மூடியது. பிறகு பிரெஞ்ச்ஸ் நிறுவனம் லெமிங்டன் தக்காளியில் கெச்சப் செய்யத் தொடங்கியதும் சனங்கள் அதன் பக்கம் திரும்பினார்கள். 2020இல் ஹைன்ஸ் மொன்றியலில் மறுபடியும் கெச்சப் உற்பத்தியைத் தொடங்குவதாக அறிவித்தது. இரண்டுக்கும் உரிமையாளர்கள் அமெரிக்க நிறுவனங்கள்தான். இலாபம் எங்கே போகிறது என்று மட்டும் பார்த்தால் இரண்டும் வேண்டாம். எங்கள் கணிப்பில் விவசாயியையும் ஆலைத் தொழிலாளியையும் முதலில் வைத்துப் பார்ப்பதே சரி: விளைந்த இடம், செய்த இடம், பிறகுதான் உரிமையாளர்.

"வரியால் விலை கூடிவிட்டது" என்று கடை சொன்னால் கணக்குப் போட்டுப் பாருங்கள். அமெரிக்க வரிக்குப் பதிலாக அமெரிக்கப் பொருள்கள்மீது கனடா விதிக்கும் பதில் வரியை இறக்குமதியாளர் எல்லையில் கட்டுகிறார். அது இறக்குமதி விலைமீது வரும், தட்டு விலைமீது அல்ல. தோடம்பழச் சாறு ஒரு போத்தல் 3 டொலருக்கு எல்லைக்கு வந்து 6 டொலருக்கு விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 25 வீத வரி 75 சதம். விலை 7.50 ஆகியிருந்தால் கூடிய ஒன்றரை டொலரில் பாதிக்கு வரி காரணமல்ல. பொருள் பிறந்த நாடும் முக்கியம். பிரேசிலில் செய்த சாறு அமெரிக்கக் களஞ்சியம் வழியாக வந்தாலும் அது அமெரிக்கப் பொருளாகிவிடாது.

தேதியையும் மறக்காதீர்கள். 2025 மார்ச் 4இல் வந்த பதில் வரிப் பட்டியலில் தோடம்பழச் சாறு, நிலக்கடலை வெண்ணெய், கோப்பி, மது ஆகியவை இருந்தன. வட அமெரிக்க வர்த்தக உடன்பாட்டுக்கு உட்பட்ட அமெரிக்கப் பொருள்கள்மீதான வரியைக் கனடா செப்ரெம்பர் 1 முதல் நீக்கியது. உருக்கு, அலுமினியம், வாகனம் ஆகியவற்றின் மீதான வரி மட்டும் தொடர்ந்தது. அதற்குப் பிறகும் சாறு விலைக்குக் கடை அந்த வரியையே காரணம் சொன்னால், எந்த வரி என்று மேலாளரிடம் கேளுங்கள்.

எல்லை தாண்டி வாங்கப் போகிறவர்கள் 24 மணிநேரத்துக்குக் குறைவாகத் தங்கினால் வரிவிலக்கு எதுவும் இல்லை. 24 மணிநேரம் தாண்டினால் 200 டொலர், 48 தாண்டினால் 800.

தவறான லேபிளையோ பொய்யான இலைச் சின்னத்தையோ கண்டால் மேலாளரிடம் அமைதியாகச் சொல்லுங்கள். பல இடங்களில் அங்கேயே திருத்திவிடுவார்கள். திருத்தாவிட்டால் மூன்று படங்கள் எடுங்கள்: பொதியின் முன்பக்கம், நாடும் லொட் எண்ணும் தெரியும் பின்பக்கம், சின்னம் ஒட்டிய தட்டோடு பொருள் இருக்கும் நிலை. சின்னம் பற்றிய முறைப்பாட்டுக்குக் கடைசிப் படம் முக்கியம். கடையின் முகவரி, தேதி, பற்றுச்சீட்டு ஆகியவற்றோடு உணவானால் கனடிய உணவு ஆய்வு முகமைக்கும் மற்றப் பொருளானால் பொய் விளம்பரங்களைக் கண்காணிக்கும் மத்திய அமைப்பான கொம்பெடிஷன் பியூரோவுக்கும் இணையத்தில் அனுப்புங்கள். வரிக் கொள்கை பற்றி உங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்குக் கடிதம் எழுதுவதாயின் ஒட்டாவாவிலுள்ள ஹவுஸ் ஒஃப் கொமன்ஸ் முகவரிக்கு அனுப்புங்கள். முத்திரை ஒட்டத் தேவையில்லை.