மினிமம் டியூ மட்டும் கட்டுகிறீர்களா? கிரெடிட் கார்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்டின் மேற்பகுதியில் இரண்டு தொகைகள் அருகருகே அச்சிடப்பட்டிருக்கும். ஒன்று டோட்டல் டியூ, அதாவது பில் தேதி வரை கார்டில் நிற்கும் முழுப் பாக்கி. மற்றொன்று மினிமம் டியூ. டியூ டேட்டுக்குள், அதாவது பணம் கட்ட வேண்டிய கடைசி நாளுக்குள், இந்தச் சிறிய தொகையையாவது செலுத்திவிட்டால் லேட் ஃபீ விழாது. பணம் கட்டத் தவறியவர் என்ற பதிவும், நம் கடன் வரலாற்றைக் குறித்து வைக்கும் சிபில் போன்ற நிறுவனங்களுக்குப் போகாது. மினிமம் டியூ தரும் பாதுகாப்பு அவ்வளவுதான். மீதிப் பாக்கிக்கான வட்டி வழக்கம்போல ஓடிக்கொண்டே இருக்கும்.

ஊட்டியிலும் குன்னூரிலும் கோத்தகிரியிலும் “கார்டுக்கு இந்த மாசம் ரெண்டாயிரம் கட்டியாச்சு” என்று நிம்மதியாகச் சொல்பவர்களில் பலர், அந்த இரண்டாயிரத்தை ஒரு மாதத் தவணையாகவே எடுத்துக்கொள்கிறார்கள். இஎம்ஐ என்றால் எத்தனை மாதம், எப்போது முடியும் என்று முன்பே எழுதி வைத்திருக்கும். மினிமம் டியூவுக்கு அப்படி ஒரு முடிவுத் தேதி கிடையாது. மலையில் இந்தக் குழப்பம் எளிதில் வேரூன்றுவதற்குக் காரணமும் இருக்கிறது. இங்கே பலருடைய வருமானம் மாதச் சம்பளமாக வருவதில்லை. சிறு தேயிலை விவசாயிக்குத் தொழிற்சாலையிலிருந்து பசுந்தேயிலைப் பணம் வர வேண்டும். கேத்தியில் கேரட் போட்டவருக்கு மேட்டுப்பாளையம் மண்டியில் விலை நிற்க வேண்டும். ஹோம்ஸ்டே, டாக்ஸி வைத்திருப்பவர்களுக்கு ஏப்ரல், மே மாத சீசனும் செப்டம்பர், அக்டோபர் மாத இரண்டாம் சீசனும் கைகொடுக்க வேண்டும். பணம் மொத்தமாக வரும்போது முழுப் பாக்கியையும் அடைத்துவிடலாம், அதுவரை குறைந்தபட்சத் தொகையைக் கட்டி ஓட்டுவோம் என்ற எண்ணம் இயல்பாகவே எழுகிறது.

அப்படி ஓட்டினால் என்ன ஆகும் என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். கோத்தகிரி அருகே ஹோம்ஸ்டே நடத்தும் ஒருவர், சீசனுக்கு முன்பாக ஏப்ரல் 1 அன்று கீசரும் கம்பளிகளுமாக 40,000 ரூபாய்க்குக் கார்டில் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். பில் தேதி ஏப்ரல் 18, டியூ டேட் மே 8, வட்டி மாதம் 3.5 சதவீதம், மினிமம் டியூ 5 சதவீதம், அதாவது 2,000 ரூபாய். மே 8 அன்று 40,000 ரூபாயையும் கட்டியிருந்தால் ஒரு ரூபாய் வட்டி கிடையாது. அவர் கட்டியதோ 2,000 மட்டும். அடுத்த பில் மே 18 அன்று வருகிறது. மீதமுள்ள 38,000 ரூபாய்க்கு மே 8 முதல் பத்துப் பதினோரு நாள் வட்டி போட்டிருப்பார்கள் என்று அவர் எதிர்பார்ப்பார். ஆனால் முழுத் தொகை கட்டப்படாததால் வட்டியில்லாக் காலச் சலுகை பறிபோகிறது. பொருள் வாங்கிய ஏப்ரல் 1 முதலே வட்டி கணக்கிடப்படுகிறது. 40,000 ரூபாய்க்கு 37 நாள், பிறகு 38,000 ரூபாய்க்கு 11 நாள் என வட்டி சுமார் 2,184 ரூபாய். அதன்மீது 18 சதவீத ஜிஎஸ்டி சுமார் 393 ரூபாய். ஆக, இரண்டாயிரம் கட்டிய பிறகு பாக்கி சுமார் 40,577 ரூபாய், வாங்கியபோது இருந்ததைவிட அதிகம்.

அடுத்த அதிர்ச்சி மினிமம் டியூவிலேயே காத்திருக்கும். பல வங்கிகள் பாக்கியில் ஒரு சிறு சதவீதத்தோடு வட்டி, வரி, கட்டணங்கள், கார்டில் ஓடும் இஎம்ஐ ஆகியவற்றை முழுமையாகச் சேர்த்தே அந்தத் தொகையை நிர்ணயிக்கின்றன. அதன்படி, முதல் மாதம் 2,000 ஆக இருந்தது மறு மாதம் 4,500 ரூபாயை நெருங்கும். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் கடன் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் நீளும், கூட்டு வட்டி ஏறும் என்று ஸ்டேட்மென்டில் எச்சரிக்கை இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. எச்சரிக்கை இருக்கத்தான் செய்கிறது. அதைப் படிப்பவர்தான் அபூர்வம்.

வருட வட்டி 42 சதவீதம் என்று சொன்னால் நம்மில் பலருக்கு உறைப்பதில்லை. நூற்றுக்கு மூன்றரை வட்டி என்று சொல்லிப் பாருங்கள். அடகுக் கடையில் அந்த வட்டியைக் கேட்டால் நகையை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிடும் நாம், கார்டு என்றதும் கேள்வி கேட்பதில்லை. முப்பது சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்கக் கூடாது என்று நீதிமன்றமே சொல்லிவிட்டதே என்று இன்னும் நம்புவோர் இருக்கிறார்கள். அது தேசிய நுகர்வோர் ஆணையம் 2008 இல் பிறப்பித்த உத்தரவு. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது.

பாக்கி நிற்கும்போதே அதே கார்டைத் தொடர்ந்து தேய்ப்பது அடுத்த தவறு. முந்தைய பில் முழுமையாக அடையாதவரை புதிதாக வாங்கும் மளிகைக்கும் போடும் பெட்ரோலுக்கும் வட்டியில்லா நாட்கள் கிடைக்காது. வாங்கிய நாளிலிருந்தே மீட்டர் ஓடும். லிமிட்டில் இன்னும் இடம் இருப்பதாக ஆப் காட்டுவதை வைத்து இந்த விஷயத்தில் எதையும் முடிவு செய்ய முடியாது. ஏடிஎம்மில் கிரெடிட் கார்டைப் போட்டுப் பணம் எடுப்பது இதைவிட மோசம்: பழைய பாக்கி இல்லாவிட்டாலும் எடுத்த நாள் முதல் வட்டி உண்டு, எடுப்பதற்கே தனிக் கட்டணமும் உண்டு.

ஆட்டோ டெபிட் போட்டிருப்பவர்கள் ஒருமுறை ஆப்பைத் திறந்து, அங்கே தேர்வாகியிருப்பது டோட்டல் டியூவா மினிமம் டியூவா என்று பார்த்துவிடுவது நல்லது. விண்ணப்பப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் டிக் போட்டோம் என்பது யாருக்கும் நினைவில் இருப்பதில்லை. மாதந்தோறும் பணம் தானாகப் போகிறது என்ற தைரியத்தில், போவது குறைந்தபட்சத் தொகை மட்டுமே என்பது தெரியாமல் காலம் போய்விடும்.

கடைசி நாள் வரை காத்திருக்கும் பழக்கம் எங்கும் ஆபத்துதான், மலையில் கூடுதலாகவே. தென்மேற்குப் பருவமழையின்போது கூடலூர், நடுவட்டம் பக்கம் மரம் விழுந்து மின்சாரம் போனால் சிக்னலும் சேர்ந்தே போகும். டியூ டேட் தாண்டி மூன்று நாட்களுக்கு மேல் தாமதமானால்தான் லேட் ஃபீ விதிக்கவும் சிபிலுக்குத் தெரிவிக்கவும் வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருப்பது உண்மையே. ஆனால் அந்த மூன்று நாட்களை நீட்டிக்கப்பட்ட டியூ டேட் என்று கொள்ளக் கூடாது. மூன்று நாளைத் தாண்டிவிட்டால் தாமதம் முதல் நாளிலிருந்தே எண்ணப்படும். வட்டிக்கும் அந்தச் சலுகைக்கும் தொடர்பில்லை. இதே பயத்தைப் பயன்படுத்தி, “மினிமம் டியூ வரவில்லை, கார்டை நிறுத்தப்போகிறோம்” என்று அழைத்து ஓடிபி கேட்பவர்களும் உண்டு. வங்கி ஓடிபி கேட்காது. சொல்லித் தொலைத்துவிட்டால் உடனே அழைக்க வேண்டியது சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்.

என்னைக் கேட்டால், மலையில் இருப்பவர்கள் முதலில் மாற்ற வேண்டியது பில் தேதியைத்தான். வங்கி கொடுத்த தேதியிலேயே காலம் தள்ள வேண்டியதில்லை. கார்டின் பில்லிங் காலத்தை மாற்றிக்கொள்ளும் வாய்ப்பை ஒருமுறையாவது தர வேண்டும் என்று விதி இருக்கிறது. தொழிற்சாலைப் பணம் மாதத்தில் வழக்கமாக எந்த வாரத்தில் வருகிறதோ, அதற்குச் சில நாட்கள் கழித்து டியூ டேட் விழும்படி கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அதேபோல், டியூ டேட் வந்தால்தான் கட்ட வேண்டும் என்பதும் இல்லை. கேரட் பணம் பத்தாயிரம் கைக்கு வந்த அன்றே கார்டில் கட்டிவிட்டால், ஏற்கெனவே வட்டி ஓடும் பாக்கியில் அன்று முதலே அந்தத் தொகைக்கான வட்டி நின்றுவிடும். டோட்டல் கட்ட முடியாத மாதத்தில் மினிமம் ஒன்றுதான் வழி என்று நினைக்க வேண்டாம். ஆப்பில் ‘வேறு தொகை’ என்று மூன்றாவதாக ஒரு கட்டமும் இருக்கும், முடிந்ததையெல்லாம் அதில் போடலாம்.

ஏற்கெனவே பெரிய பாக்கியில் மாட்டிக்கொண்டவர்கள் முதலில் அந்தக் கார்டைப் பயன்படுத்துவதை நிறுத்த வேண்டும். வீட்டில் நகை இருந்தால், வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ குறைந்த வட்டிக்கு நகைக்கடன் வாங்கிக் கார்டை அடைப்பது கௌரவக் குறைச்சல் அல்ல, கணக்குத் தெரிந்தவர் செய்வது. அதற்கு வழியில்லாதவர்கள் பாக்கியை இஎம்ஐ ஆக மாற்றித் தரும்படி வங்கியிடம் கேட்கலாம். வட்டி பெரும்பாலும் குறையும், ஆனால் பிராசசிங் கட்டணத்தையும் ஜிஎஸ்டியையும் சேர்த்தே ஒப்பிட வேண்டும். முழுவதும் அடைத்துக் கார்டே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் ஏழு வேலை நாட்களுக்குள் வங்கி அதை மூடியாக வேண்டும். பாக்கி ஏதும் இல்லாதபோது தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வீதம் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும். கோரிக்கையை மின்னஞ்சலில் அனுப்பினால் தேதிக்குச் சான்று இருக்கும்.