மெட்ரோ ஸ்டேஷன் கட்டப் போகும் நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு

தக்கலை, மார்த்தாண்டம், குலசேகரம் பக்கம் டிப்ளமோ சிவில் முடித்த பிள்ளைகள் சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்ட வேலைக்குப் போகிறார்கள். நானும் தக்கலைக்காரன்தான். மெட்ரோ சைட்டில் சூப்பர்வைசராக இருந்துவிட்டு ஊரோடு வந்துவிட்டேன். கிளம்பும் முன் "அண்ணே, அங்க என்னதான் வேலை?" என்று கேட்டு வருகிறவர்களுக்குச் சொல்வதையே எழுதுகிறேன்.

கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் எழும்பூர் இறங்கியதும் நேராக ரூமுக்குப் போகாதீர்கள். மெட்ரோ பிடித்து அடுத்த ஸ்டேஷனான சென்ட்ரலில் இறங்குங்கள். 2018 மே மாதம் பச்சை வழித்தடத்துக்கும் 2019 பிப்ரவரியில் நீல வழித்தடத்துக்கும் திறந்த ஸ்டேஷன் அது. டிக்கெட் எடுக்கும் கான்கோர்ஸ், அதற்குக் கீழே பிளாட்பாரம் என்று தளம் தளமாக இறங்கும். எல்லாம் பார்த்துவிட்டு மேலே ஏறி வாருங்கள். ஒரு பக்கம் ரயில்வே சென்ட்ரல், இன்னொரு பக்கம் 1913-ல் திறந்த ரிப்பன் மாளிகை, கொஞ்ச தூரத்தில் கூவமும் பக்கிங்காம் கால்வாயும். இத்தனைக்கும் நடுவில், எதையும் சாய்க்காமல், தண்ணீர் உள்ளே வராமல் எப்படித் தோண்டினார்கள்? இதற்குப் பதில் தெரிந்தால் பாதி வேலை தெரிந்த மாதிரி.

தக்கலைச் செம்மண்ணில் கிணறு வெட்டினால் கரை தானாக நிற்கும். மணவாளக்குறிச்சி, குளச்சல் கடற்கரைப் பிள்ளைகளுக்கு வேறு கதை தெரியும். அங்கே உறை இறக்காமல் தோண்ட முடியாது. உறை இறக்கினாலும் தண்ணீரை வேகமாக இறைத்தால் அடியிலிருந்து மணல் பொங்கி வரும். சென்னையில் மணலும் களியும் மாறி மாறி வருகிற இடத்தில் ஸ்டேஷன் தோண்டுவது அந்தக் கடற்கரைக் கிணறுதான், அளவுதான் பெரிது. அதனால் குழி பிறகு, சுவர் முதலில்.

சுவருக்கும் முன்னால் ரோட்டைத் திருப்பிவிட வேண்டும், அடியில் போகும் குழாய்களையும் கேபிள்களையும் மாற்ற வேண்டும். மார்த்தாண்டம் மேம்பாலம் கட்டியபோது பட்ட நெரிசலை நினைத்துக்கொண்டால் போதும், விளக்க வேண்டியதில்லை. ஒன்று மட்டும்: பழைய வரைபடத்தை நம்பி மெஷினை இறக்காதீர்கள். கையால் சோதனைக் குழி வெட்டி, குழாயைக் கண்ணால் பார்த்த பிறகே இறக்க வேண்டும்.

அப்புறம் டி-வால், அதாவது டயாப்ரம் வால். நிலத்துக்குள்ளேயே கட்டும் கான்கிரீட் சுவர். பெரும்பாலும் 80 சென்டிமீட்டரிலிருந்து 120 சென்டிமீட்டர் வரை தடிமன் இருக்கும். முதலில் மேலே இரண்டு சின்ன கைடு வால். அவற்றின் நடுவே மண்ணை அள்ளும் பெரிய இரும்புக் கவ்வியான கிராப் இறங்கி, சில மீட்டர் நீளமுள்ள ஒரு பேனலை, அதாவது சுவரின் ஒரு துண்டுக்கான பள்ளத்தை, தோண்டும். மண் எடுக்க எடுக்கப் பள்ளத்தில் பென்டோனைட் என்னும் களிமண் கரைசல் நிரம்பி நிற்க வேண்டும். அதன் மட்டம் நிலத்தடி நீர்மட்டத்தைவிட ஒரு மீட்டருக்கு மேலாவது உயரமாக இருக்கட்டும். அந்த அழுத்தம்தான் மண்ணைத் தாங்குகிறது. மட்டம் இறங்கினால் யாரையும் கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள், உடனே நிரப்பச் சொல்லுங்கள்.

தோண்டி முடித்ததும் கரைசலில் உள்ள மணலைப் பிரித்துச் சுத்தம் செய்து, கம்பிக் கூட்டை கிரேனில் இறக்கி, ட்ரெமி பைப், அதாவது பள்ளத்தின் அடிவரை இறங்கும் நீளக் குழாய், வழியாக அடியிலிருந்து கான்கிரீட் ஊற்ற வேண்டும். உயரும் கான்கிரீட் பென்டோனைட்டை மேலே தள்ளிவிடும். பைப்பின் நுனி எப்போதும் கான்கிரீட்டுக்குள் இரண்டு மீட்டராவது புதைந்திருக்க வேண்டும். அவசரப்பட்டுப் பைப்பை மேலே இழுத்தால் கரைசல் கான்கிரீட்டில் கலந்துவிடும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. பிறகு குழி தோண்டும்போது அந்த இடத்தில்தான் தண்ணீர் பீறிடும். எனவே ஒவ்வொரு லாரிக்கும் எவ்வளவு உயர்ந்தது, பைப் எத்தனை நீளம் கழற்றினோம் என்று நீங்களே எழுதி வையுங்கள். ராத்திரி இரண்டு மணி ஆனாலும் எழுதுங்கள். மொத்த வேலையிலும் நான் பெரிதாக நினைப்பது இந்தக் கணக்கைத்தான்.

சுவர் நாலு பக்கமும் மூடியபின் தோண்டுவதற்கு இரண்டு வழி உண்டு. அடிவரை தோண்டிக் கீழிருந்து கட்டி வரலாம். அல்லது மேல்கூரை ஸ்லாபை முதலில் போட்டு, ரோட்டைத் திரும்பக் கொடுத்துவிட்டு, அதற்கடியில் தளம் தளமாகத் தோண்டி இறங்கலாம். நெரிசலான இடத்தில் இரண்டாவதுதான் நல்லது, ஆனால் மண்ணை வெளியே எடுப்பது சிரமம். எந்த வழியானாலும், அந்த மட்டத்து ஸ்ட்ரட்டோ (எதிரெதிர்ச் சுவர்களைத் தாங்கும் குறுக்குத் தூண்) ஸ்லாபோ தயாராகும் முன் அடுத்த மட்டத்துக்கு இறங்கக்கூடாது. காலையில் சைட்டுக்குப் போனதும் சுவரின் வளைவை அளக்கும் இன்க்ளினோமீட்டர், பக்கத்துக் கட்டடங்களின் இறக்கம், நிலத்தடி நீர்மட்டம் ஆகியவற்றின் ரீடிங்கைக் கேளுங்கள். சுவர் வளைந்தால் கண்ணுக்குத் தெரியாது, ரீடிங்கில் தெரியும்.

அடித்தள ஸ்லாப் போட்டதும் நிம்மதியாகிவிடக் கூடாது. நீர்மட்டத்துக்கு 15 மீட்டர் கீழே இருக்கும் ஸ்லாபைத் தண்ணீர் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் சுமார் 15 டன் விசையில் மேலே தள்ளும். அதற்கு ஈடான எடை மேலே ஏறும்வரை நிலத்தடி நீரை இறைக்கும் பம்புகளை நிறுத்தக்கூடாது. டிசைன் இன்ஜினியர் எழுத்தில் சொன்னால் மட்டுமே நிறுத்துங்கள்.

சுரங்க மெஷின் துளைத்து வரும் இடத்தில் சுவருக்குள் இரும்புக் கம்பிக்குப் பதில் கண்ணாடியிழைக் கம்பி வைப்பார்கள். மெஷின் அதை வெட்டிவிடும். கம்பிக் கூட்டை இறக்கும்போது அந்தப் பகுதி சரியான மட்டத்தில் நிற்கிறதா என்று இருமுறை பாருங்கள்.

டைல்ஸ், பெயின்ட் எல்லாம் போனால் பழகிவிடும். படிக்கட்டையும் வழிகளையும் மட்டும் லேசாக எடுக்காதீர்கள். தீப்பிடித்தால் 4 நிமிடத்தில் பிளாட்பாரம் காலியாக வேண்டும், 6 நிமிடத்தில் எல்லாரும் பாதுகாப்பான இடத்தை எட்ட வேண்டும் என்பது பல நாடுகளில் பின்பற்றும் அளவுகோல். படியின் அகலம், புகையை இழுக்கும் ராட்சத மின்விசிறி எல்லாம் அந்தக் கணக்கில் வருபவை. வாசல்களை ரோட்டைவிட உயர்த்திக் கட்டுவது வெள்ளத்துக்காக. 2015 டிசம்பரைப் பார்த்த ஊர் அது.

சரி, போகும்போது கம்பூட், மழைக்கோட்டு, நனையாத அட்டை போட்ட நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். சேர்ந்த முதல் வாரமே பி.எஃப். எண்ணையும் இ.எஸ்.ஐ. எண்ணையும் எழுத்தில் கேட்டு வாங்கி, வீட்டுக்கு ஒரு படம் அனுப்பி வையுங்கள்.