தனி பங்களா பார்க்கப் போகிறீர்களா? தண்ணீர் போகும் வழியிலேயே போய்ப் பாருங்கள்

புறநகரில் தனி பங்களா, அதாவது ஒரே தளமாகக் கட்டிய தனி வீடு, விற்பனைக்கு வந்திருக்கிறது என்றதும் மனசு நேராகத் தோட்டத்துக்கும் சமையலறைக்கும்தான் போகிறது. வீடு பார்க்கிற அரை மணி நேரத்தில் இருபது நிமிஷம் டைல்ஸையும் அலமாரியையும் தடவிப் பார்ப்பதிலேயே கழிந்துவிடும். நானும் அப்படிப் பார்த்தவன்தான். டைல்ஸ் பிடிக்கவில்லை என்றால் பிறகு மாற்றிக்கொள்ளலாம். கூரையும் அஸ்திவாரமும் அப்படியல்ல.

ஒற்றைத் தள வீட்டில் இந்த இரண்டுமே பெரிசு. 120 சதுர மீட்டர் வீட்டை இரண்டு தளமாகக் கட்டினால் கூரை ஏறக்குறைய 60 சதுர மீட்டரில் முடிந்துவிடும். பங்களாவாகப் பரப்பிக் கட்டினால் முழு 120-க்கும் கூரை வேண்டும், கடைக்காலும் அதற்கேற்பப் பரவும். 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் அந்தக் கூரைமேல் விழுவது 6,000 லிட்டர். அவ்வளவு தண்ணீரும் எந்த வழியாகப் போகிறது? இதை மட்டும் விடாமல் கேட்டுக்கொண்டே வீட்டைச் சுற்றுங்கள்.

டார்ச், அளவு டேப், ஒரு கோலிக்குண்டு, குறிப்பு நோட்டு. இவ்வளவு போதும்.

படி 1: தெருவில் நில்லுங்கள்

உள்ளே போக அவசரப்படாதீர்கள். வீட்டுத் தரை தெருவைவிட உயரமா, தாழ்வா? பக்கத்து மனைத் தண்ணீர் எந்தப் பக்கமாக ஓடிவரும்? சரிவான கூரை என்றால் முகட்டைப் பாருங்கள். நேர்கோடாக இருக்க வேண்டும். நடுவில் தொய்ந்திருந்தால் உள்ளே மரச்சட்டங்கள் தளர்ந்திருக்கலாம்.

படி 2: கூரை

ஓட்டுக் கூரையில் ஒழுக்கு பெரும்பாலும் ஓட்டின் நடுவில் தொடங்காது. இரண்டு சரிவுகள் சந்திக்கும் பள்ளம், புகைபோக்கியோ குழாயோ கூரையைத் துளைத்து வெளியே வரும் இடம், ஓரத் தகடு, இங்கேதான் தொடங்கும். கூரைக்கும் உட்கூரைக்கும் நடுவே ஆள் ஏறும் இடம் இருந்தால் பகலில் ஏறி, டார்ச்சை அணைத்துவிட்டுப் பாருங்கள். எங்காவது வெளிச்சம் ஊசியாக இறங்குகிறதா? காற்றுப்போக்குக்கென்று விட்ட திறப்பாக இல்லாவிட்டால், அந்த வழியாக மழையும் வரும்.

தட்டையான தளமாக இருந்தால் வாட்டம், அதாவது தண்ணீர் வடிவதற்கான லேசான சரிவு, அதுதான் முக்கியம். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றுங்கள். வடிகால் வாயை நோக்கி ஓடினால் சரி. நடுவில் குளம் கட்டினால், அல்லது வட்டம் வட்டமாகப் பழைய கறையும் பாசியும் தெரிந்தால், வாட்டம் சரியில்லை. பிறகு கீழே வந்து அந்த இடத்துக்கு நேர் அடியில் உட்கூரையைப் பாருங்கள். அறை முழுக்க மங்கிய பெயிண்டும் ஒரு மூலையில் மட்டும் பளிச்சென்ற புதுப் பெயிண்டும் இருந்தால், ஏன் என்று கேட்டுவிடுங்கள்.

படி 3: வீட்டைச் சுற்றி முழுச் சுற்று

தனி வீட்டில் யாருடனும் பொதுச்சுவர் கிடையாது. நான்கு பக்கமும் வெயிலும் மழையும் படும். அதே காரணத்தால் நான்கு பக்கமும் நடந்தும் பார்க்கலாம். ஆனாலும் பலர் பின்பக்கம் போவதே இல்லை.

சுவரிலிருந்து வெளிப்பக்கமாகத் தரை சரிந்திருக்க வேண்டும். 3 மீட்டர் தூரத்தில் 15 சென்டிமீட்டர் இறக்கம் இருந்தால் நல்லது. மழைநீர்க் குழாயின் அடிவாய் சுவரடியிலேயே கொட்டுகிறதா? பேஸ்மட்டத்துக்கு மேல்வரை மண் குவித்துப் பூச்செடி வைத்திருக்கிறார்களா? அழகாகத்தான் இருக்கும். ஆனால் ஈரம் அந்த மண்வழியே சுவருக்குள் ஏறும்.

உள்ளே வந்து தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரம்வரை பாருங்கள். நிலத்திலிருந்து ஏறும் ஓதம் பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடும். வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும், பூச்சு தட்டினால் பொத்தென்று ஒலிக்கும். அதற்கு மேலே ஈரம் என்றால் குழாயையோ கூரையையோ சந்தேகியுங்கள்.

படி 4: விரிசல்

விரிசல் இல்லாத வீட்டை நான் பார்த்ததில்லை. 1 மில்லிமீட்டருக்கும் குறைவான மயிரிழைக் கீறல் பெரும்பாலும் பூச்சோடு போகும். 5 மில்லிமீட்டரைத் தாண்டினால், படிக்கட்டு மாதிரி செங்கல் இணைப்புகள் வழியே ஏறினால், ஒரு முனையில் மெலிந்து மறுமுனையில் அகன்றால், பொறியாளர் வந்து பார்க்கும்வரை பேரம் பேசாதீர்கள். அருகிலேயே கதவு பிடிக்கிறதா, ஜன்னல் சட்டம் கோணியிருக்கிறதா என்றும் கவனியுங்கள். களிமண் நிலத்தில் பெரிய மரம் வீட்டை ஒட்டி நின்றால், அது ஈரத்தை உறிஞ்சும்போது மண் சுருங்கி அஸ்திவாரம் இறங்கக்கூடும்.

கோலிக்குண்டு எதற்கு என்றால், தரையில் வைத்துப் பார்க்கத்தான். எல்லா அறையிலும் ஒரே மூலையை நோக்கி ஓடினால் குறித்துக்கொள்ளுங்கள். குளியலறையில் ஓடினால் சந்தோஷப்படுங்கள், அங்கே வாட்டம் வேண்டும்.

படி 5: குழாயும் கழிவும்

எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரைப் பாருங்கள். முள் நகர்ந்தால் எங்கோ கசிகிறது. பிறகு எல்லாவற்றையும் ஒன்றாகத் திறந்து, கழிப்பறையில் தண்ணீர் விட்டு, வெளியே கழிவுக் குழாயின் ஆய்வுத் தொட்டி மூடியைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீர் தங்காமல் ஓட வேண்டும். சுவரோரம் பென்சில் தடிமனில் மண்கோடு ஏறியிருந்தால் அது கரையான் பாதை.

படி 6: காகிதம்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், சட்டம் இடத்துக்கு இடம் மாறும். பத்திரத்தில் உள்ள எல்லையும் வேலியும் ஒன்றா என்று சர்வேயரை வைத்து அளந்துவிடுங்கள். பிறகு சேர்த்துக் கட்டிய அறைக்கும் கார் ஷெட்டுக்கும் அனுமதி உண்டா, வீட்டின்மேல் கடன் நிற்கிறதா என்பதை உங்கள் வழக்கறிஞர் பார்க்கட்டும், விற்பவர் காட்டும் வழக்கறிஞர் வேண்டாம்.

படி 7: மழை பெய்யும்போது இன்னொரு முறை

முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் முடிந்தால் மழையில் ஒரு தடவை போய் வாருங்கள். இதுவரை நோட்டில் எழுதிய ஒவ்வொரு இடத்திலும் நின்று பாருங்கள். விற்பவரிடம், "கூரையைக் கடைசியாக எப்போது, யார் பழுதுபார்த்தார்? ரசீது இருக்கிறதா?" என்று கேளுங்கள். பழுதே பார்த்ததில்லை என்று பதில் வந்தால், அந்தப் புதுப் பெயிண்ட் மூலைக்கே கூட்டிப்போய் இன்னொரு தடவை கேளுங்கள்.