வயர்லெஸ் கன்ட்ரோலரின் ஃபர்ம்வேரை மாற்றுமுன் ஏபிகளைப் பாருங்கள்

வைஃபை கருவிகளை ஓரிடத்திலிருந்து நிர்வகிக்கும் கன்ட்ரோலரில் ஃபர்ம்வேர் (கருவியை இயக்கும் உள்மென்பொருள்) ஏற்றுவது சின்ன வேலை. ஃபைலை ஏற்றி ரீபூட் செய்தால் பெரும்பாலும் அது ஒழுங்காகவே எழுந்து வரும். இரவு முழுக்க விழிக்க வைப்பவை அதன் கீழே இருந்து வைஃபை சிக்னல் தரும் அக்சஸ் பாயின்ட்கள், அதாவது ஏபிகள்தான். கன்ட்ரோலரோடு சேரும் ஒவ்வொரு ஏபியும் தன் வெர்ஷனை அதோடு ஒப்பிடும். வேறாக இருந்தால் புது இமேஜை (ஃபர்ம்வேர் ஃபைலை) இறக்கி, ஃப்ளாஷ் நினைவகத்தில் எழுதி, ரீபூட் ஆகும். ஆக, 200 ஏபி இருந்தால் செய்யப்போவது 201 அப்கிரேட். அதற்கேற்பத் திட்டமிட வேண்டும்.

தள்ளிப்போடவும் கூடாது. 2017 அக்டோபரில் வெளியான கிராக், 2021 மே மாதம் வெளியான ஃப்ராக் அட்டாக்ஸ் இரண்டும் வைஃபை நெறிமுறையிலேயே இருந்த ஓட்டைகள். கடவுச்சொல்லை மாற்றினால் அவை அடைபடாது. ஏபியிலும் அதில் இணையும் ஃபோன், லேப்டாப் போன்ற கிளையன்ட்டிலும் ஃபர்ம்வேர் மாறியே ஆக வேண்டும்.

முதலில் ஏபி பட்டியலை மாடல் வாரியாக எடுங்கள். எந்த மாடல், எத்தனை, இப்போது எத்தனை சேர்ந்திருக்கின்றன என்று எழுதி வையுங்கள். பிறகு போகவிருக்கும் வெர்ஷனின் ரிலீஸ் நோட்டில் இந்த மாடல்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். சிஸ்கோவின் பழைய கன்ட்ரோலர் மென்பொருளான ஏர்ஓஎஸ் வரிசையில் 1600, 2600, 3600 ஏபிகளுக்கு 8.5 வெர்ஷன்தான் கடைசி, 8.10க்குப் போனால் அவை சேராது. கன்ட்ரோலர் பக்கமும் அப்படியே: 2504, 5508 இரண்டும் 8.5ஓடு நின்றுவிட்டன, 3504, 5520, 8540 ஆகியவை 8.10 வரை போகும். கலவையான மாடல்கள் இருந்தால், எல்லாவற்றுக்கும் பொதுவாக உள்ள கடைசி வெர்ஷனே உங்கள் இலக்கு. அதிலும் அந்த வரிசையின் முதல் வெளியீட்டை எடுக்காமல், பல திருத்தங்கள் வந்து நிலைத்த வெளியீட்டை எடுங்கள்.

ரொம்பப் பழைய வெர்ஷனிலிருந்து ஒரே தாவலில் போக முடியாத நேரமும் உண்டு. ரிலீஸ் நோட்டில் அப்கிரேட் பாதைக்கென ஓர் அட்டவணை இருக்கும். இடையில் ஒரு வெர்ஷனில் நின்று போகச் சொன்னால் நின்றுதான் போக வேண்டும். கன்ட்ரோலர் மட்டும் இடை வெர்ஷனுக்கு வந்தால் போதாது. எல்லா ஏபிகளும் அந்த வெர்ஷனை ஏற்றிக்கொண்டு திரும்பச் சேர்ந்த பிறகே அடுத்த படி. இதில் அவசரப்பட்டால் பாதி ஏபிகள் நடுவழியில் மாட்டிக்கொள்ளும்.

அடுத்தது டிஜிட்டல் சான்றிதழ், அதாவது ஏபி தன் அடையாளத்தை நிரூபிக்கக் காட்டுவது. பழைய வன்பொருளில் அதிகம் பேரைக் குழப்புவது இதுதான். அந்தக் கால ஏபிகளில் தொழிற்சாலையிலேயே பதித்த சான்றிதழுக்கு 10 வருட ஆயுள். அது காலாவதியான ஏபி, கன்ட்ரோலரோடு புதிதாகப் பாதுகாப்பு இணைப்பை உண்டாக்க முடியாமல் திரும்பச் சேராமலே போகும். அப்கிரேடில் எல்லாமே ரீபூட் ஆவதால் குறை அன்றைக்குத்தான் வெளியே வரும். பழியை ஃபர்ம்வேர் மேல் போடுவார்கள். ஏர்ஓஎஸ்ஸில் காலாவதியைக் கண்டுகொள்ளாமல் விடச்சொல்லும் அமைப்பு இருக்கிறது. அதை அப்கிரேடுக்கு முன்பே இயக்கிவிடுங்கள்.

இன்னொன்று, 2022 டிசம்பர் 4. சிஸ்கோவின் சொந்த இயங்குதளமான ஐஓஎஸ் வகை ஏபிகளின் இமேஜைக் கையொப்பமிட்ட சான்றிதழ் அன்று காலாவதியானது. அதன்பின் 1700, 2700, 3700 போன்றவை இமேஜை முழுதாக இறக்கியும் சரிபார்ப்பில் தோற்று, மறுபடி இறக்கி, அதே சுழலில் நிற்கின்றன. திருத்தம் சேர்ந்த வெளியீட்டைத் தேர்ந்தெடுப்பது நல்ல வழி. முடியாவிட்டால் கன்ட்ரோலரில் என்டிபியை (நேரத்தைத் தானே சரிசெய்யும் சேவையை) நிறுத்தி, கடிகாரத்தை அந்தத் தேதிக்கு முன்னால் வைத்து, எல்லா ஏபிகளும் இமேஜை ஏற்றி முடித்ததும் நேரத்தைத் திருப்ப வேண்டும். கடிகாரம் பின்னால் இருக்கும்போது, அதற்குப் பிந்தைய தேதியில் வழங்கிய சான்றிதழ்கள் எல்லாம் 'இன்னும் செல்லாது' என்ற நிலைக்குப் போகும். புத்தம்புது ஏபிகள் சேராது, விருந்தினர் உள்நுழையும் போர்ட்டல் பக்கம் எச்சரிக்கை காட்டும். எனவே இதை ஆள் இல்லாத நேரத்தில் மட்டும் செய்யுங்கள்.

கான்ஃபிகரேஷன் பேக்கப்பை வெளியே ஒரு கணினிக்கு எடுங்கள். அதில் கடவுச்சொற்களும் ரேடியஸ் (பயனரைச் சரிபார்க்கும் சர்வர்) ரகசியச் சாவிகளும் இருக்கும், ஆகவே என்கிரிப்ட் செய்தே எடுங்கள். என்கிரிப்ட் செய்யப் பயன்படுத்திய சாவியையும் பத்திரமாக எழுதி வையுங்கள். புது வெர்ஷன் தன் போக்கில் மாற்றி எழுதிய கான்ஃபிகரேஷனைப் பழைய வெர்ஷன் சரியாகப் படிக்காமல் போகலாம். பின்வாங்க நேர்ந்தால் இந்தப் பேக்கப்தான் கைகொடுக்கும்.

இமேஜை இறக்கியதும் தயாரிப்பாளர் தளத்தில் தந்திருக்கும் ஹாஷ் மதிப்போடு (ஃபைல் பிசகாமல் வந்ததா என்று காட்டும் மதிப்பு) ஒப்பிடுங்கள். கன்ட்ரோலருக்கு அனுப்ப, ஃபைல் அனுப்பும் நெறிமுறைகளான எஃப்டிபி அல்லது எஸ்எஃப்டிபி போதும். டிஎஃப்டிபிதான் என்றால் சர்வரைக் கவனியுங்கள்: பழைய நெறிமுறையில் ஒரு பிளாக் 512 பைட், பிளாக் எண்ணுக்கு 16 பிட், அதனால் 65,535 பிளாக்கோடு எண் தீர்ந்துவிடும். 32 எம்பி அளவில் ஃபைல் நின்றுபோனால் கேபிளைச் சந்தேகிக்காதீர்கள், டிஎஃப்டிபி சர்வரை மாற்றுங்கள்.

ஏர்ஓஎஸ் கன்ட்ரோலரில் இரண்டு இமேஜுக்கு இடம் உண்டு. புதியது ஏறியதும் அடுத்த பூட்டுக்கான முதன்மை இமேஜாகிவிடும். இப்போது ஓடிக்கொண்டிருப்பது மாற்று இமேஜாக நிற்கும். அருபா நிறுவனக் கன்ட்ரோலரில் இதுவே 0, 1 என்று இரண்டு பார்ட்டிஷன்; ஓடாததில் ஏற்றி, அடுத்த பூட்டை அதற்கு மாற்ற வேண்டும். சிஸ்கோ 9800 கன்ட்ரோலரில் இன்ஸ்டால் முறையில் ஏற்றுதல், செயல்படுத்துதல், உறுதிசெய்தல் என்று மூன்று படி. கடைசிப் படியை மறந்தால் குறித்த நேரம் கழிந்ததும் தானே ரீபூட் ஆகிப் பழைய வெர்ஷனுக்குத் திரும்பிவிடும். மறுநாள் காலையில் வெர்ஷன் பழையதாகவே இருந்தால் காரணம் அநேகமாக இதுதான். ஃப்ளாஷில் இடம் இல்லை என்று வந்தால் பயன்படாத பழைய பேக்கேஜ்களை முதலில் நீக்குங்கள்.

ஏற்றியாயிற்று என்று உடனே ரீபூட் கொடுத்துவிடாதீர்கள். ஏபிகளுக்கு இமேஜை முன்கூட்டியே அனுப்பும் வசதியை இப்போது பயன்படுத்துங்கள். ஏபி வழக்கம்போல் சேவை தந்தபடியே புது இமேஜைத் தன் இரண்டாவது இடத்தில் இறக்கி வைத்துக்கொள்ளும். அதன்பின் கன்ட்ரோலர் ரீபூட் ஆகும்போது ஏபிக்கு மிச்சம் ஒரு ரீபூட் மட்டுமே. எல்லா ஏபிகளும் 'முடிந்தது' என்று காட்டும்வரை காத்திருங்கள். தோற்றவற்றுக்குத் தனித்தனியாக மறுபடி அனுப்புங்கள். அடிக்கடி தோற்கும் ஏபியில் ஃப்ளாஷ் கெட்டிருக்க வாய்ப்பு அதிகம், மாற்று ஏபியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கிளை அலுவலகங்கள் வான் (WAN, தொலைதூர நெட்வொர்க்) இணைப்பில் இருந்தால் கணக்குப் போட்டுப் பாருங்கள். இமேஜ் 50 எம்பி, ஏபி 40 என்றால் 2,000 எம்பி, அதாவது 16,000 மெகாபிட். 10 எம்பிபிஎஸ் இணைப்பை முழுதாக விழுங்கினாலும் 27 நிமிடம் ஆகும். அந்த நேரத்தில் மற்ற வேலை எதுவும் நகராது. கிளை ஏபிகளைச் சேர்த்து வைக்கும் சிஸ்கோவின் ஃப்ளெக்ஸ்கனெக்ட் குழுவாக இருந்தால் மாடலுக்கு ஒரு ஏபி மட்டும் கன்ட்ரோலரிடமிருந்து இறக்கி, மற்றவை உள்ளூரிலேயே அதனிடம் வாங்கிக்கொள்ளும்படி அமைக்கலாம்.

ரீபூட் கொடுக்கும்போது, கன்ட்ரோலரைக் கணினியோடு நேரடியாக இணைக்கும் கன்சோல் கேபிள் செருகியே இருக்கட்டும். ஏர்ஓஎஸ்ஸுக்கு கன்சோல் வேகம் 9600 பாட். எழவில்லையென்றால் பூட் ஆகும்போது எஸ்கேப் விசையை அழுத்தினால் மெனு வரும், அதில் மாற்று இமேஜைத் தேர்ந்தெடுக்கலாம். அதே மெனுவில் கான்ஃபிகரேஷனை அழிக்கும் வரியும் இருக்கிறது, கை தவறிவிடக் கூடாது. 5508 போன்றவற்றில் பூட்லோடருக்கு (முதலில் எழுந்து இமேஜை ஏற்றும் சின்ன நிரலுக்கு) தனி அப்கிரேட் ஃபைல் உண்டு. அது ஓடும்போது திரை அசையாமல் நிற்பது வழக்கம். பொறுமை இழந்து மின்சாரத்தைத் துண்டித்தால் கன்ட்ரோலர் போய்விடும்.

மாற்று கன்ட்ரோலர் தனியாக இருந்தால் அதையும் அதே இரவில் அதே வெர்ஷனுக்குக் கொண்டு வாருங்கள். இல்லாவிட்டால் ஏபி இங்கிருந்து அங்கே தாவும்போதெல்லாம் பழைய இமேஜை இறக்கும், திரும்பி வரும்போது புதியதை இறக்கும். பயனர்களுக்கு ஒவ்வொரு முறையும் வைஃபை இல்லை.

எல்லாம் எழுந்து வந்ததும் ஏபி எண்ணிக்கையை முதலில் எழுதி வைத்ததோடு ஒப்பிடுங்கள். சேராத ஏபிக்கு, அது கன்ட்ரோலரோடு பேசும் யுடிபி போர்ட்கள் 5246, 5247 ஃபயர்வாலில் திறந்திருக்கின்றனவா, கன்ட்ரோலரின் நேரம் சரியா, சான்றிதழ் காலாவதியா என்று இந்த வரிசையில் பாருங்கள். 'இறக்குகிறது' என்று நிற்கும் ஏபியின் ஸ்விட்ச் போர்ட்டை அணைத்துப் போடாதீர்கள். ஃப்ளாஷில் எழுதும்போது மின்சாரம் போனால் அந்த ஏபிக்கு ஏணியும் கன்சோல் கேபிளும் தேவைப்படும். எல்லா எஸ்எஸ்ஐடியிலும் (வைஃபை பெயரிலும்) ஒரு ஃபோன், ஒரு லேப்டாப், முடிந்தால் பழைய பார்கோடு ஸ்கேனர் ஒன்றையும் இணைத்துப் பாருங்கள். புது வெர்ஷனில் அமைப்பு மாறியிருந்தால் முதலில் இணைய மறுப்பவை இத்தகைய பழைய கருவிகள்தான்.