செட்டிநாட்டு வீட்டின் பின்கட்டை நீட்டிக் கட்டும் முன்: அனுமதியும் அக்கம்பக்க ஒப்பந்தமும்

பின்கட்டில் ஒரு சமையலறை, அல்லது மாடி ஏற முடியாத பெரியவர்களுக்குக் குளியலறையோடு ஓர் அறை. செட்டிநாட்டில் இதைச் சின்ன வேலை என்று நினைத்துத்தான் கொத்தனாரைக் கூப்பிடுகிறார்கள். அது பாதியில் நிற்பதற்கு வரைபட அனுமதி காரணமாவது குறைவு. அந்த இடம் யாருக்குச் சேர்ந்தது, அங்கே விழுகிற தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்ற இரண்டையும் முடிவு செய்யாமல் கடைக்கால் தோண்டுவதுதான் காரணம். உள்ளாட்சி தரும் அனுமதி, கட்டடம் விதிப்படி இருக்கிறது என்பதை மட்டுமே சொல்லும். இடத்தின் மீது இல்லாத உரிமையை அது உண்டாக்காது.

ஆகவே முதலில் பத்திரம். கானாடுகாத்தான், பள்ளத்தூர், ஆத்தங்குடி வட்டாரத்துப் பெரிய வீடுகள் பலவற்றில் முகப்பும் வளவும் (உள்முற்றப் பகுதி) பொதுவாக இருக்க, அறைகள் மட்டும் புள்ளிவாரியாக, அதாவது குடும்பம் குடும்பமாகப் பிரிந்திருக்கும். பின்கட்டும் கிணற்றடியும் பொதுவா, பிரிந்ததா என்பதைப் பாகப்பிரிவினைப் பத்திரமும் அதோடு இணைத்த வரைபடமும்தான் சொல்ல வேண்டும். மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, புலப்பட (நில அளவை வரைபட) நகல், சொத்துவரி ரசீது ஆகியவற்றை ஒன்றாக வைத்துப் பாருங்கள். கிராமத்து வீடுகள் பெரும்பாலும் நத்தத்தில் (ஊர்க் குடியிருப்பு நிலத்தில்) நிற்கின்றன; பட்டா இன்னும் அப்பச்சி (தந்தை) பெயரிலேயோ கூட்டாகவோ இருந்தால் அதைச் சரிசெய்த பிறகே மேலே போங்கள்.

இடம் பொது என்றால் ஒவ்வொரு பங்காளியின் எழுத்துச் சம்மதமும் வேண்டும். “நாங்கள்தான் ஊரில் இருந்து வீட்டைப் பார்த்துக்கொள்கிறோம்” என்பது நியாயமான பேச்சு, ஆனால் சட்டத்தில் நிற்காது. பொது இடத்தில் ஒருவர் மட்டும் கட்டினால் மற்றவர் நீதிமன்றத் தடை வாங்கலாம். செலவு உங்களுடையது என்பதால் மட்டும் கட்டியது உங்கள் பங்காகிவிடாது. மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் பங்குதாரர் பொது அதிகாரப் பத்திரம் அனுப்புவதானால், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டு அனுப்பச் சொல்லுங்கள். அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். அந்தக் கெடுவைத் தவறவிட்டுத் திண்டாடுகிறவர்கள் உண்டு.

பங்காளிகளிடம் பேசும்போது கல்யாணச் சமையலையும் படைப்பையும் (முன்னோர் வழிபாடு) மறக்க வேண்டாம். பின்கட்டு விசேஷங்களுக்கான பொது இடம். பின்வாசல் வழியாகத்தான் விறகும் அண்டாவும் வரும். நீங்கள் எழுப்பும் அறை அந்த வழியை அடைத்தால், இன்று தலையாட்டுகிறவர்கள் அடுத்த விசேஷத்தில் மனம் மாறுவார்கள். வண்டி வந்து திரும்பும் அளவுக்குப் பாதை விட்டு, அதன் அகலத்தை அடிக்கணக்கில் எழுதிவையுங்கள்.

இடித்து எடுக்கும் வாசல்நிலை, கதவு, கல்தூண், ஓடு எல்லாவற்றையும் படம் எடுத்துப் பட்டியலிடுங்கள். காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் ஒரு தேக்குத் தூணுக்கு நல்ல விலை உண்டு என்பது எல்லாருக்கும் தெரியும். யார் எதை எடுத்துக்கொள்வது என்பதை இடிப்பதற்கு முன்பே முடிவு செய்தால் பிறகு மனக்கசப்பு வராது.

அடுத்தது அளவு. எல்லையை அளந்து காட்டும்படி இ-சேவை மையம் வழியாக மனுக் கொடுங்கள். சர்வேயர் வரும் நாளில் பக்கத்து வீட்டாரும் உடனிருக்க வேண்டும். பழைய மனைகள் பின்னால் போகப் போகக் குறுகவோ விரியவோ செய்யும் என்பதால், முன், நடு, பின் என மூன்று இடத்தில் அகலம் எடுக்கச் சொல்லுங்கள். நடுவில் நிற்கும் சுவர் பொதுச்சுவர் என்று பத்திரத்தில் இருந்தால் அதன் மேல் தன்னிச்சையாக உத்தரம் ஏற்ற முடியாது.

விதிகளுக்கு வருவோம். தமிழ்நாடு முழுவதற்கும் 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள்தான் அடிப்படை. காரைக்குடியில் மாநகராட்சி, தேவகோட்டையில் நகராட்சி, கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் பேரூராட்சி, ஆத்தங்குடியில் ஊராட்சி என்று அலுவலகம் மாறும், விதி ஒன்றே. 2024 ஜூலையில் வந்த, உரிமையாளரே சான்றளித்து அனுமதி பெறும் சுயசான்றுத் திட்டம் 2,500 சதுர அடிக்குள் உள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் கட்டும் வீட்டுக்கானது. நம் பெரிய வீடுகளின் மனை அந்த அளவைத் தாண்டிவிடும், ஆகவே வழக்கமான விண்ணப்பம்தான். உயரமற்ற கட்டடங்களுக்குத் தளப்பரப்புக் குறியீடு 2, அதாவது எல்லாத் தளங்களின் மொத்தப் பரப்பு மனைப் பரப்பைப் போல இரண்டு மடங்கு வரை இருக்கலாம். இதில் பழைய வீட்டின் தளங்களும் சேரும் என்பதால், இரண்டு கட்டு மாடியுள்ள வீடானால் முதலில் கணக்குப் போடுங்கள்.

விட வேண்டிய காலியிடம் சாலை அகலம், மனை அகலம், கட்டட உயரம் மூன்றையும் பொறுத்து மாறும். இங்கேதான் செட்டிநாட்டு வீட்டுக்கென்றே ஒரு சிக்கல். முகப்பு ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கும் வீட்டில், நீங்கள் பின்புறம் என்று சொல்லும் பக்கமும் சாலையை ஒட்டியதே. அந்தப் பக்கத்தைப் பின்புறமாகக் கொள்வதா, சாலைப் பக்கமாகக் கொள்வதா என்று படம் வரையும் முன்பே நகரமைப்புப் பிரிவில் எழுத்தில் கேட்டுவிடுங்கள். வரைந்த பிறகு தெரியவந்தால் மொத்த அறையையும் உள்ளே தள்ள வேண்டியிருக்கும்.

பழைய வீட்டுக்கு அனுமதித்த படமே பெரும்பாலும் கிடையாது. உள்ளதை உள்ளபடி அளந்து, இடிக்கும் பகுதியை மஞ்சளிலும் புதிய பகுதியை சிவப்பிலும் காட்டி, வரி ரசீதும் புகைப்படமும் சேர்த்துக் கொடுங்கள். மழைநீர் சேகரிப்பைப் படத்தில் காட்டியாக வேண்டும். திருமயம் கோட்டைக்கு அருகில் வீடு இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க: மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது; அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் வரை தனி அனுமதி வாங்க வேண்டும்.

இனி, சண்டை பிறக்கும் இடங்கள்.

தண்ணீர். 300 சதுர அடிக் கூரையில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 280 லிட்டர் இறங்கும். ஐப்பசியில் ஒரே இரவில் இதைப் போலப் பல மடங்கு பெய்யும். சரிவைப் பக்கத்து வீட்டை நோக்கி வைத்தால் அத்தனையும் அவர்கள் கடைக்காலில்தான் இறங்கும். சரிவை உங்கள் பக்கமே திருப்பி, பீலி (கூரைத் தண்ணீரை ஏந்தும் தகட்டு வாய்க்கால்) வைத்து, 4 அங்குலக் குழாயில் இறக்கி, 100 அடிக்கு 1 அடி சரிவில் தெரு வாய்க்காலுக்கோ சேகரிப்புக் குழிக்கோ கொண்டுபோங்கள். புதிய தரையைப் பழைய முற்றத்தைவிட உயர்த்திவிட்டு வடிகாலை மறப்பது அடிக்கடி நடக்கிறது. அப்போது நூறாண்டாக வெளியே ஓடிய வளவுத் தண்ணீர் உள்ளேயே தேங்கும்.

கழிவுநீர். உறிஞ்சுகுழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் குறைந்தது 18 மீட்டர், அதாவது 60 அடி இடைவெளி வேண்டும். பக்கத்து வீட்டுக் கிணற்றையும் இதில் சேர்த்து அளக்க வேண்டும். செம்புறாங்கல் பூமியில் கழிவு சுலபமாகக் கசிந்து பரவும்.

கடைக்கால். பக்கத்துச் சுவர் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்று முதலில் ஒரு சோதனைக் குழி போட்டுப் பாருங்கள். அதைவிட ஆழமாகப் போகாதீர்கள். நீளமாக ஒரே பள்ளம் எடுக்காமல், 4 அடி தோண்டி, கட்டி, மண் நிரப்பிய பிறகு அடுத்த 4 அடிக்குப் போங்கள். மண் வேலையை மழைக்காலத்தில் வைக்காமல் தை பிறந்து தொடங்குவது நல்லது. பழைய சுண்ணாம்புச் சுவரில் கம்பி அடித்துப் புதுக் கான்கிரீட்டைப் பிணைக்க வேண்டாம். இரண்டும் ஒரே அளவில் அமராது, விரிசல் விழும். இடையில் 25 மில்லிமீட்டர் விட்டு, அமுங்கும் பலகை வைத்து, மேலே தண்ணீர் இறங்காதபடி தகடு போர்த்துங்கள். பழைய சுவரில் பூச்சு உதிர்ந்த இடத்துக்குச் சுண்ணாம்புக் கலவையே போடுங்கள். சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டுப் பக்கத்து வீட்டுப் பக்கம் பொரியும்.

வெளிச்சம். உங்கள் பின்கட்டைப் பார்த்துப் பக்கத்து வீட்டாருக்கு ஜன்னல் இருந்து, 20 ஆண்டு தடையின்றி வெளிச்சமும் காற்றும் பெற்றிருந்தால், 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டப்படி அது உரிமையாகியிருக்கும். அதன் முன் சுவர் எழுப்பாதீர்கள்.

பக்கத்து வீட்டாரோடு செய்யும் ஒப்பந்தத்தை இரண்டாகப் பிரித்து எழுதுங்கள். சாரம் கட்ட, அவர்கள் முற்றத்தில் நின்று பூச என்ற தற்காலிக விஷயங்களுக்குச் சம்மதக் கடிதம் போதும். தேதி, நேரம், குப்பை அள்ளுவது, சேதமானால் யார் சரிசெய்வது என்பவை அதில் இருக்கட்டும். நிலைத்து நிற்க வேண்டியவை வேறு: அவர்கள் இடம் வழியே போகும் குழாய், பொதுச்சுவர் மேல் ஏறும் பாரம், பாதை. இவற்றுக்கு வெறும் சம்மதம் அனுமதி மட்டுமே. வீட்டை வாங்கும் அடுத்தவரை அது கட்டுப்படுத்தாது. நோட்டரி முத்திரையாலும் பயனில்லை. 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்துரிமையை உண்டாக்கும் பத்திரம் பதிவாக வேண்டும், அதுவும் கையெழுத்தான 4 மாதத்துக்குள்.

வாசகம் இப்படித் தெளிவாக இருக்கட்டும்: “வடக்குப் பொதுச்சுவரின் தென்புறத்தில், தரையிலிருந்து 1 அடி ஆழத்தில், கிழமேலாக 22 அடி நீளத்துக்கு 4 அங்குல மழைநீர்க் குழாய் பதிக்கவும், பழுது பார்க்க 3 நாள் முன்னறிவிப்புடன் வந்துபோகவும் உரிமை அளிக்கப்படுகிறது. பராமரிப்புச் செலவு முழுவதும் உரிமை பெறுபவருடையது.” இதோடு அளவிட்ட படத்தை இணைத்து இரு தரப்பும் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திட வேண்டும்.

தோண்டுவதற்கு முந்தைய நாள், பக்கத்து வீட்டார் முன்னிலையில் அவர்கள் சுவரில் ஏற்கெனவே உள்ள விரிசல்களைத் தேதியோடு படம் எடுத்து ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் கூடுதல் பரப்பைச் சொத்துவரிக்குத் தெரிவித்து, அந்த ரசீதையும் ஒப்பந்தத்தையும் பாகப்பத்திரம் இருக்கும் பெட்டியிலேயே வையுங்கள்.