தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணிக்கு

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊரில், பல்கலைக்கழகம் புகுவதற்கான எஸ்.டி.பி.எம். தேர்வை முடித்துவிட்டு, பல்கலைக்கழக மகளிர் கூடைப்பந்து அணியில் இடம்பிடிக்க விரும்பும் மாணவிகள், முதலில் ஆறாம் எண் பந்து ஒன்றை வாங்கிக்கொள்ள வேண்டும். அண்ணன்மார் ஆடும் ஏழாம் எண் பந்து சற்றுப் பெரியது என்பதால், அதிலேயே பழகிய கை தேர்வு நாளில் தடுமாறும்.

திடல் இல்லையே என்று தயங்க வேண்டாம். கோயில் முன்னுள்ள சிமெண்டுத் தரையில் கம்பம் நட்டு, 3.05 மீட்டர் உயரத்தில் வளையத்தைப் பொருத்தி, பலகைக்கு நேர்கீழிருந்து 4.6 மீட்டர் அளந்து சுண்ணாம்புக் கோடு இட்டால், தடையில்லா எறிதலுக்கான இடம் கிடைத்துவிடும். முழங்கையை வளையத்தை நோக்கி வைத்து, முழங்காலை மடக்கி எழும் விசையிலேயே பந்தை விட்டு, கடைசியில் மணிக்கட்டை மடியவிட வேண்டும். பந்து பின்னோக்கிச் சுழன்று சென்றால் எறிதல் சரி. மழை விட்டதும் அத்தரை வழுக்கும், துடைக்காமல் ஓடாதீர்கள். பந்து கைக்கு வந்த 24 வினாடிக்குள் வளையத்தை நோக்கி எறிந்தாக வேண்டும் என்ற விதிக்குப் பழக, தங்கையை உரக்க எண்ணச் சொன்னால் போதும்.

விடுதியில் சேர்ந்த முதல் வாரமே விரிவுரை அட்டவணையைப் பயிற்றுநரிடம் கொடுத்துவிடுங்கள். மாலைப் பயிற்சியும் ஆய்வுக்கூட வகுப்பும் மோதிக்கொள்வதுதான், என் கணிப்பில், பெரிய தலைவலி. பயிற்சி முடிவதற்குள் உணவகம் மூடிவிடக்கூடும் என்பதால், அறைத்தோழியிடம் சோறு வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.